பெரிய மின்கலம் இருந்தால் சிறந்த பிக்-அப் ஆகிவிடுமா?

அமெரிக்காவில் ஒரு புதிய பெரிய ரக பிக்-அப் வந்துவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பது, "முழு மின்னேற்றத்தில் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதே. செவர்லே சில்வராடோ மின்வாகனம் வந்தபோதும் அப்படித்தான். அதன் 2024ஆம் ஆண்டு வேலைப் பயன்பாட்டு ரகத்திற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த அளவு 450 மைல், அதாவது 724 கிலோமீட்டர். ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங்கின் பெரிய மின்கல ரகத்திற்கு 515. டெஸ்லா சைபர்டிரக்கின் இரு மோட்டார் ரகத்திற்குச் சுமார் 520. சில்வராடோ வென்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள், ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சைபர்டிரக்கின் மின்கலம் 123 கிலோவாட் மணி, லைட்னிங்கினுடையது 131. சில்வராடோவின் மின்கலமோ 200க்கும் மேல். தூரத்தை மின்கல அளவால் வகுத்தால், ஒரு கிலோவாட் மணிக்குச் சைபர்டிரக் 4.2 கிலோமீட்டரும் லைட்னிங் 3.9 கிலோமீட்டரும் ஓடுகின்றன. சில்வராடோவுக்குக் கிடைப்பது அதிகம் போனால் 3.6. பட்டியல் தலைகீழாகிவிட்டது! சில்வராடோ அதிக தூரம் ஓடுவதற்குக் காரணம் சிக்கனமன்று. அது சுமந்து செல்லும் ஆற்றல் மூட்டை பெரியது, அவ்வளவுதான்.

அந்த மூட்டைக்கு எடை உண்டு. லைட்னிங், சைபர்டிரக் இரண்டும் ஏறக்குறைய 3 டன். சில்வராடோ 3.6 டன்னைத் தாண்டுகிறது. நம் சாலைகளில் நாம் பார்க்கும் ஹைலக்ஸ் சுமார் 2 டன்தான். இயக்க ஆற்றல் பொருண்மைக்கு நேர் விகிதத்தில் கூடும் என்று படித்திருப்பீர்கள். ஒரே வேகத்தில் சென்றால் 3.6 டன் வண்டியின் இயக்க ஆற்றல் 3 டன் வண்டியைவிட 20 விழுக்காடு அதிகம். பிரேக் பிடிக்கும்போது ஒரு பகுதி மின்கலத்திற்குத் திரும்பும், உண்மைதான். ஆனால் விபத்தில் மோதும்போது எதுவும் திரும்பாது. எதிரே வரும் சிறிய காரில் இருப்பவர்தான் அதைத் தாங்க வேண்டும்.

மின்னேற்றமும் அப்படியே. 11 கிலோவாட் வீட்டு மின்னேற்றியில் 200 கிலோவாட் மணியை நிரப்பச் சுமார் 18 மணி நேரம் ஆகும். ஓர் இரவு போதாது.

அப்படியானால் பெரிய மின்கலம் வீணா? இல்லை. பெரிய இழுவைப் பெட்டியைக் கட்டி இழுத்தால் காற்றுத் தடை கூடி, ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அப்போது 515 கிலோமீட்டர் 260க்குக் கீழே இறங்கும். 724 கிலோமீட்டரில் இன்னும் 360 மிஞ்சும். நாள்தோறும் பாரம் இழுக்கும் குத்தகையாளருக்கு இந்த 100 கிலோமீட்டர் வேறுபாடு பிழைப்பையே தீர்மானிக்கும். வாரம் ஒருமுறை பொருள் வாங்கக் கடைக்குப் போகிறவருக்கோ அது வெறும் சுமை.

ஒப்பீட்டுப் பட்டியல்களில் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படும் இன்னொரு பண்பும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலம் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தபோது, எஃப்-150 கலப்பின ரகம் வைத்திருந்த சிலர் அதன் 7.2 கிலோவாட் மின்வழியைக் கொண்டு வீட்டில் விளக்கும் வெப்பமும் பெற்றார்கள். லைட்னிங் 9.6 கிலோவாட் வரை தரும். நின்றுகொண்டிருக்கும்போதும் ஒரு வண்டியால் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

ஆகவே, எந்த வண்டியையும் ஒரே ஓர் எண்ணை வைத்து எடைபோடாதீர்கள் என்பதே என் கருத்து. அடுத்த முறை விளம்பரத்தில் பெரிய எண்ணைக் கண்டால், ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: ஒரு கிலோவாட் மணிக்கு எவ்வளவு தூரம், வண்டியின் எடை எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு ஓடும். பிறகு, "எனக்கு என்ன வேலைக்கு இது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவரை, எந்த பிக்-அப் சிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.