"பூனைதானே" என்று சொல்லாதீர்கள், பனடோலும் கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் வீட்டுப் பூனை சீனி செத்துப்போனான். மூன்று வயசு. பாடசாலையில் என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்ட ஒருவர், "பூனைதானே சேர், இன்னொண்டு பிடிச்சு வளக்கலாம்" என்று சிரித்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. ஏனென்றால் சீனி செத்ததில் என் கையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் மண்ணில் குந்திக் குந்தி முக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் பருக்கினோம். இரண்டாம் நாள் கத்தினான். நோகுதாக்கும் என்று அரைப் பனடோலைக் கரைத்து வாயில் ஊற்றினேன். மூன்றாம் நாள் முகம் வீங்கி, முரசு மண்ணிறமாகிவிட்டது. அப்போதுதான் மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

அவ கேட்ட முதல் கேள்வி: "எப்ப இருந்து சலம் போகேல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன்.

கடுவன் பூனைக்குச் சலக்குழாய் மிகவும் ஒடுக்கம். அது முழுதாக அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். முதல் நாளே போயிருந்தால் குழாய் விட்டு அடைப்பை எடுத்திருக்கலாம். போதாததற்கு நான் பனடோலும் கொடுத்துவிட்டேன். நம்முடைய ஈரல் அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நஞ்சு தங்கி, ஒட்சிசனைக் காவும் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். மனிதர் அளவுக்கு மிஞ்சிப் பனடோல் விழுங்கினால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்து பூனைக்கும் உண்டு. ஆனால் சில மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டும். நான் ஒரு நாள் பிந்திவிட்டேன்.

வைத்தியர் ஒளிக்காமல் சொன்னா: "தப்புறது கஷ்டம். நோகாமல் தூங்க வைக்கலாம். நீங்கதான் முடிவெடுக்க வேணும்." உயிரை எடுக்க நான் யார் என்று வாதாடி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இரவு முழுக்க மூச்சுக்குத் தவித்து, சுபஹுக்கு முன்னர் போய்விட்டான். அந்த ஓர் இரவு அவனுக்காக இல்லை, எனக்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது.

இனி ஊருக்குச் சொல்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

"மனுசருக்கே மருந்தில்லை, பூனைக்குச் செலவா?" என்கிறீர்கள். வள்ளத்து எஞ்சினில் சத்தம் மாறினால் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடுகிறோமே, ஏன்? பிந்தினால் செலவு கூடும் என்று தெரியும். இதுவும் அப்படித்தான். முதல் நாள் போகிறவனுக்குச் செலவு குறைவு.

"மிருக வைத்தியர் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான்" என்கிறீர்கள். பூனை நாயைக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தீர்களா? மன்னாரில் அடிபட்ட கழுதைகளுக்கு மருந்து போட 'பிரிட்ஜிங் லங்கா' நிறுவனம் கழுதை வைத்தியசாலையே அமைத்தது. அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். நம் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகப் படிப்பிக்கிறோம். தூரத்து நாட்டிலிருந்து வரும் பறவைக்கு இவ்வளவு மரியாதை, திண்ணையில் கிடக்கும் பூனைக்குச் சாக்குப் பையா?

"ஆண்டவன் எடுக்கும்வரை விடுங்கோ" என்கிறீர்கள். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்குத் தண்டனை, தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்பு என்று சிறுவயதிலேயே ஓதிப் படித்தவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க உறவுகள் அசிசி பிரான்சிசு புனிதரைக் கொண்டாடுகிறவர்கள். வைத்தியம் பார்க்காமல் விடுவதற்குப் பெயர் தவக்குல் இல்லை, சோம்பல். தப்பவே மாட்டாது என்று வைத்தியர் சொன்ன பிறகு என்ன செய்யலாம் என்பதை உங்கள் ஆலிமிடமோ பாதரிடமோ இப்போதே கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. எனக்குச் செய்யவில்லை.

வைத்தியரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். தப்ப வாய்ப்பு எவ்வளவு? சிகிச்சையில் எவ்வளவு நோகும்? தப்பினால் எப்படி வாழும்? அதன் பிறகு உங்கள் கையில் இருக்கும் காசைச் சொல்லுங்கள். காசில்லை என்பது வெட்கமில்லை. கேட்காமல் விட்டதுதான் வெட்கம்.

கடுவன் பூனை சலம் போக முக்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பனடோல், புரூபன் எதையும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சீனிக்கு நான் செய்யாததை இன்னொருவர் தன் பூனைக்குச் செய்தால் எனக்கு அது போதும்.