இடிச்சுப் பழக ஒரு காரா?

"பதினெட்டு முடிஞ்சாச்சு, ஒரு ஓட்டை வண்டி வாங்கிக் கொடு, இடிச்சுப் பழகட்டும்!" மேட்டூரில் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது.

என்ன நியாயமோ! சாம்பல் லாரிகளுக்கு நடுவே மேச்சேரி, ஓமலூர் தாண்டி சேலம் போகப்போவது அனுபவமே இல்லாத பிள்ளை. அதற்குத்தான் பாதுகாப்பே இல்லாத வண்டியா? 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800 வாங்கியது பூஜ்யம். புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில்.

ஆகவே மக்களே, செகண்ட் ஹேண்ட் என்றாலும் அதற்குப் பிறகு தயாரான சின்னக் காராகப் பாருங்கள். சர்வீஸ் கணக்கைக் கேளுங்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் காசை டயருக்குப் போடுங்கள்.

நசுங்கிய தகரத்தைத் தட்டி எடுக்கலாம். பிள்ளையை?