சேம அச்சும் செயின் கவரும்

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஓர் உதிரிபாகத்துக்கு ஒப்பிடுகிறார். உப்பு வணிகரான உமணர் வண்டி பூட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேரும் என்பதை யாரறிவார்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொள்கிறார்கள். அதுதான் சேம அச்சு. தலைவனைப் புலிக்கும் களிற்றுக்கும் உவமை சொல்லிப் பழகிய மரபில், வண்டிக்கடியில் தொங்கும் மரத்துண்டை அவனுக்கு உவமையாக்க ஒருவர் துணிந்திருக்கிறார்.

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு என்ன வேலை என்று கேட்க நினைக்கும் நண்பர்களுக்கு இந்தப் பாடலே எங்கள் பதில். உப்பும் வண்டியும் வழியில் முறிவதும் நம் கவிதைக்குப் புதியவை அல்ல. உமணர் எண்ணிப் பார்த்ததை இன்று வண்டி செய்வோரும் வாங்குவோரும் எண்ணிப் பார்க்கிறார்களா என்பதே எங்கள் கேள்வி.

இக்கேள்வியைக் கேட்கப் பெருமுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையோரத்தில் எழும் பாறைமலை. மலைமேல் சிவன் கோயில். குகையொன்றில் எந்தக் காலத்தவரோ கீறிவைத்த உருவங்கள். அங்கிருந்து கிழக்கே சென்றால் கழுவெளி, பக்கிங்காம் கால்வாய், அதன் பின் வெண்ணிறப் பாத்திகளாக உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மானாடு இப்பகுதிதான். அந்நூலின் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் ஆய்வாளர் கொள்வர். பாணனுக்குச் சொல்லப்பட்ட அந்த வழியில் இன்று இரவு விலகுமுன்பே இருசக்கர வாகனங்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. உப்பு வாரப் போகிறவர்கள், மீன் கூடை கட்டிவருகிறவர்கள், கல்லுடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடையவை பெரும்பாலும் சிறிய வண்டிகள், பல கை மாறி வந்தவை, ஏறக்குறைய அனைத்தும் சங்கிலியில் ஓடுபவை.

எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்க மோட்டார் சைக்கிளில் மூன்று வழிகள் வழக்கில் உள்ளன: சங்கிலி, பெல்ட், ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. உப்புக் காற்றில் அந்தக் குணம் விரைவில் வெளிப்பட்டுவிடும்.

முதலில் சங்கிலி. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய புஷ் ரோலர் சங்கிலிதான் அடிப்படையில் இன்றும் ஓடுகிறது. விலை குறைவு, எடை குறைவு. சுத்தமாக எண்ணெயிட்டு வைத்திருந்தால் எஞ்சின் தரும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குமேல் சக்கரத்துக்குப் போய்ச்சேரும். 'செயின் நீண்டுவிட்டது' என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும் அவற்றைச் சுற்றிய புஷ்களும் தேய்கின்றன. அரை அங்குலக் கண்ணிகள் 110 கொண்ட ஒரு சங்கிலியில் இணைப்புக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் மொத்தத்தில் 11 மில்லிமீட்டர் தொய்வாகிவிடும். தொய்ந்த சங்கிலி பல்சக்கரத்தின் பற்களைக் கூராக்கும். கூரான பற்கள் அடுத்துப் போடும் புதுச் சங்கிலியையும் தின்னும்.

இந்தத் தேய்மானத்தை உப்பு பல மடங்கு விரைவாக்குகிறது. சமையலறைக்கு வரும் தூய உப்பைப் போன்றதன்று பாத்தியில் விளையும் உப்பு. அதில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போதும் அது ஈரத்தை உறிஞ்சித் தன்னருகே வைத்துக்கொள்ளும். ஆகவே சங்கிலியில் படிந்த உப்புத்தூள் மழையில்லாத நாளிலும் நனைந்தே கிடக்கிறது, இரும்பும் இராப்பகலாகத் துருவேறுகிறது. துருத்தூள் எண்ணெயோடும் சாலைப் புழுதியோடும் சேர்ந்து அரைக்கும் மாவாகிறது. விலை கூடிய வண்டிகளில் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையில் கிரீஸை அடைத்துவைக்கும் ரப்பர் வளையங்கள் கொண்ட சங்கிலி வரும். உள்தேய்மானத்தை அது வெகுவாகக் குறைக்கும் என்றாலும் தகடுகளும் ரோலர்களும் வெளிக்காற்றில்தான் இருக்கின்றன.

அடுத்தது பெல்ட். மோட்டார் சைக்கிளின் குழந்தைப் பருவத்தில் தோல் பெல்ட்டே பெருவழக்கு. மழை பெய்தால் அது வழுக்கும். சங்கிலி அதை வென்றது அதனால்தான். 1980இல் ஹார்லி-டேவிட்சன் தன் ஸ்டர்ஜிஸ் வண்டியில் பல்வைத்த பெல்ட்டைக் கொண்டுவந்தபோது அந்தக் குறை நீங்கியிருந்தது. அராமிட் இழை உள்ளோடிய இன்றைய பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், துருவும் பிடிக்காது, ஓசையும் குறைவு. உப்புக் கடற்கரைக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெல்ட் குறுகிய வளைவை விரும்பாது. அதற்குப் பெரிய சக்கரமும் அகன்ற இடமும் தேவை. பல்லுக்கிடையே ஒரு சல்லிக்கல் சிக்கினால் இழை அறுபடலாம். கல் லாரிகள் ஓடும் சாலையில் சல்லிக்குப் பஞ்சமில்லை. அறுந்த சங்கிலியை ஒரு செயின் லாக் போட்டு அங்கேயே இணைத்து வீடு வந்துசேரலாம். முடிவற்ற வளையமான பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. பல வண்டிகளில் பின் ஸ்விங் ஆர்மைக் கழற்றித்தான் புது பெல்ட்டை மாட்ட முடியும். அதுவும் அந்த நிறுவனத்தின் அந்த மாதிரிக்கே உரிய பெல்ட்டாக இருக்க வேண்டும்.

மூன்றாவது ஷாஃப்ட். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905இல் கொண்டுவந்த நான்கு சிலிண்டர் வண்டி ஷாஃப்டில் ஓடியது, 1923இல் பி.எம்.டபிள்யூ. தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32-ஐயும் அவ்வாறே அமைத்தது. பல்லிணைகள் எண்ணெயோடு கூட்டுக்குள் மூடிக்கிடப்பதால் மணலும் உப்பும் அவற்றை எட்டா. இரண்டாம் உலகப் போரில் பாலைவன மணல் சங்கிலிகளைத் தின்றபோது, ஜெர்மன் வண்டிகளைப் பார்த்து அமெரிக்க ராணுவம் ஹார்லியிடம் ஷாஃப்ட் வண்டி கேட்டது. 1942இல் எக்ஸ்.ஏ. என்ற பெயரில் ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் செய்யப்பட்டன. பிறகு அந்நிறுவனம் அவ்வழியைத் தொடரவில்லை.

ஷாஃப்டுக்குரிய விலை சில்லறையில் தெரியாது, மொத்தமாகத் தெரியும். நம் ஊர் வண்டிகளில் எஞ்சினின் கிராங்க் குறுக்குவாட்டில் இருக்கிறது. சுழற்சியை ஷாஃப்ட் வழியே பின்னுக்கு அனுப்ப ஒருமுறையும், மீண்டும் சக்கரத்துக்குத் திருப்ப ஒருமுறையுமாக இருமுறை செங்கோணத்தில் முறிக்க வேண்டும். ஒவ்வொரு முறிவிலும் ஆற்றல் கொஞ்சம் வெப்பமாகப் போகும், எடை கூடும், விலையும் கூடும். 100 சி.சி. எஞ்சினுக்கு இது தாங்காத சுமை. பல்லாண்டு ஒன்றும் கேட்காமல் ஓடிய ஷாஃப்ட், சீல் கசிந்து பல்லிணை கெட்டால் ஒரே நாளில் பெருந்தொகை கேட்கும். அதைப் பிரித்துச் சீர்செய்யும் கருவியோ கையோ சாலையோரப் பட்டறையில் கிடைப்பதும் அரிது.

ஆக, எது சிறந்தது என்ற விவாதத்தில் பொதுவாக விடுபடும் கேள்வி, எவருக்கு என்பது. மாதச் சம்பளக்காரரின் வார இறுதிப் பயணத்துக்கு ஷாஃப்ட் நிம்மதியாக இருக்கலாம். நகரத்துச் சாலையில் அலுவலகம் போய்வருபவருக்குப் பெல்ட் சுகம். மழைக்காலத்தில் உப்பளம் மூழ்கி வேலையே நின்றுபோகும் தொழிலாளியின் கணக்கு வேறு. அவர் சிறுசிறு செலவைத் தாங்குவார். பெருஞ்செலவு ஒன்று வந்தால் வண்டி திண்ணையோரம் நின்றுவிடும், அதனோடு அவர் வேலையும் நிற்கும். மண்ணெண்ணெய், பழைய பிரஷ், கொஞ்சம் கியர் ஆயில் ஆகியவற்றைக் கொண்டு தன் கையாலேயே பேணக்கூடியது சங்கிலி ஒன்றுதான். கோவையின் எல்.ஜி.பி. நிறுவனத்து ரோலான், சென்னை முருகப்பா குழுமத்து டயமண்ட் என்று தமிழ்நாட்டிலேயே சங்கிலிகள் தயாராகின்றன. உமணரும் முறியாத அச்சைத் தேடிப் போகவில்லை. வழியிலேயே மாற்றக்கூடிய அச்சைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த அறிவின் பக்கமே நாங்களும் நிற்கிறோம்.

ஆனால் சங்கிலியின் பக்கம் நிற்பது அதைத் திறந்துபோட்டு வைப்பதற்கு ஒப்புதல் ஆகாது. இந்தக் கரையில் சங்கிலியைக் கெடுப்பதில் பெரும்பங்கு, அதை வெறும் காற்றில் விட்டதற்கே உரியது. இதற்கான தீர்வு நம் சாலைகளில் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. இத்தாலியின் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் தொடக்கத்தில் ஷாஃப்டில் ஓடியது. 1958இல் வந்த எல்.ஐ. வரிசையில், எண்ணெய்க் கூட்டுக்குள் முழுதும் மூடிய இரட்டைச் சங்கிலிக்கு அது மாறியது. லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா செய்த விஜய் சூப்பரும் அதன் வழிவந்ததுதான். மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவும், அதன் பின்வந்த யெஸ்டியும் சங்கிலியை முழுக் கவருக்குள் வைத்திருந்தன. அந்த வண்டிகளின் சங்கிலி புழுதியைக் கண்டதில்லை.

இன்றும் 100 சி.சி. வண்டிகள் பல முழுக் கவரோடு வருகின்றன என்பது உண்மை. எஞ்சின் பெரிதாகி, வண்டி 'ஸ்டைல்' ஆக ஆகக் கவர் குறுகி, சங்கிலிக்கு மேலே ஒரு பட்டையாக மட்டும் எஞ்சுகிறது. பந்தய வண்டியின் தோற்றத்தை மரக்காணத்து இளைஞரும் காசு கொடுத்து வாங்குகிறார். துரு மட்டும் உடன் வருகிறது. இதனினும் வருந்தத்தக்கது, இருக்கும் கவரையும் கழற்றி எறியும் வழக்கம். தகரக் கவர் உப்பில் துருவேறி, போல்ட் பிடிக்குமிடம் உடைந்து கடகடக்கத் தொடங்கும். பட்டறையில் கழற்றுவார்கள், திரும்பப் போடமாட்டார்கள்.

மூடிய சங்கிலியைக் கண்ணால் பார்க்க முடியாது, பார்க்க முடியாததைப் பேணுவதற்கு மறந்துவிடுவோம் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பு. அதில் நியாயமுண்டு. ஆனால் கவரின் அடியில் ரப்பர் மூடியிட்ட சிறு துளை வைத்து, விரலால் தொய்வைப் பார்க்கும் ஏற்பாடு பல வண்டிகளில் முன்பே இருக்கிறது. கழற்றும் வேலை கூடுதல் என்பது இன்னொரு மறுப்பு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நான்கு போல்ட் கழற்றுவதா, ஈராண்டுக்கு ஒருமுறை செயின் செட்டையே மாற்றுவதா என்று வண்டிக்காரரைக் கேட்டால் அவர் விடை சொல்வார்.

இந்தப் பேச்சு பழைய வண்டிகளோடு முடிவதன்று. ஓசூரில் தயாராகும் ஏதர் மின்ஸ்கூட்டர்கள் பெல்ட்டில் ஓடுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைத்த ஓலா, தன் ஸ்கூட்டர்களில் பெல்ட் வைத்துத் தொடங்கி, 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில் சங்கிலிக்கு வந்திருக்கிறது. எஞ்சினும் எண்ணெயும் போனபின்னும் சங்கிலி போகவில்லை. புதிதாக வடிவம் பெறும் இவ்வண்டிகளில் துருவேறாத பிளாஸ்டிக்கில் முழுக் கவர் செய்வது இன்று ஒரு கடினமான காரியமா?

பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியேனும் மூடப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நம் பெண்கள் சேலை உடுத்தி ஒருபுறமாக அமர்வதை எண்ணிப் பார்த்ததால் பிறந்த விதி அது. ஒரு நாட்டின் உடைக்கேற்ப வண்டி மாறலாம் என்றால், அதன் கடற்கரைக்கேற்பவும் மாறலாம். நீண்ட கடலோரம் கொண்ட தமிழ்நாட்டில், மரக்காணம் முதல் வேதாரண்யம், தூத்துக்குடி வரை உப்பள ஊர்களில் விற்கும் வண்டிக்கு முழு செயின் கவர் வேண்டும் என்று வாங்குவோர் கேட்கலாம், கேட்க வேண்டும். அதுவரை, பட்டறையில் கழற்றிய கவரை மறவாமல் திரும்பப் போடச் சொல்வோம்.