கல்லூரி வாசலில் கண் திறப்போம்!

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் மஹல்லாக்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஜும்ஆ முடிந்து வெளியே வரும் தந்தையர் பள்ளிவாசல் படியில் நின்றபடியே பேசிக் கொள்வார்கள்.

"பாய், பையனை எதிலே சேர்க்கப் போறீங்க?"

"மச்சான் மகன் படிக்கிற காலேஜ்லேயே போட்டுடலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான்! ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் பற்றிய முடிவு, செருப்பு மாட்டும் நேரத்துக்குள் எடுக்கப்பட்டு விடுகிறது. குர்பானிக்கு ஆடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், நான்கு சந்தை ஏறி இறங்குகிறோம். பெற்ற பிள்ளைக்குக் கல்லூரி பார்க்க மட்டும் நமக்கு நேரமில்லை!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் வாகனம் ஓட்டி உழைத்துத் திரும்பியவர். மகன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான். முடிவு வந்த மறுநாளே ஒரு தரகர் வீடு தேடி வந்து, "இன்று பணம் கட்டாவிட்டால் நாளை இடமில்லை" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். இவரும் ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டி, மகனின் அசல் சான்றிதழ்களையும் கொடுத்து விட்டார். பிறகுதான் தெரிந்தது, அவன் எடுத்த மதிப்பெண்ணுக்கு அதே கல்லூரியில் அதே பிரிவு அரசுக் கலந்தாய்வு மூலமாகவே, அதைவிடக் குறைந்த கட்டணத்தில் கிடைத்திருக்கும் என்று. சான்றிதழைத் திருப்பிக் கேட்டார். முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். நம் சகோதரர்கள் மூன்று முறை போய்ப் பேசிய பிறகு சான்றிதழ் வந்தது, பணம் வரவில்லை. அதற்குள் கலந்தாய்வும் முடிந்து விட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பையன் ஒரு கடை விசாவில் விமானம் ஏறிப் போனான்.

அந்தத் தந்தை என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஹஜ்ரத், இதைப் பற்றி ஒரு ஜும்ஆவிலேயாவது நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. கல்வியின் சிறப்பைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். 859-ஆம் ஆண்டு ஃபெஸ் நகரில் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி கராவிய்யீன் கல்விக்கூடத்துக்கு அடித்தளமிட்டதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஆனால், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது, சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மதரஸாவில் ஓதி வெளிவந்த நான் கல்லூரி வாசலை மாணவனாக மிதித்தவனல்ல. அது காரணமாகலாமே தவிர, சாக்காக முடியாது. அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லப்படும் பதில்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் படிப்பு, பிறகு கல்லூரி

பெரும்பாலோர் கல்லூரியின் பெயரை முடிவு செய்துவிட்டு, அங்கே எந்தப் பிரிவு காலியாக இருக்கிறதோ அதில் பிள்ளையைத் தள்ளுகிறார்கள். இது தலைகீழ் வேலை. பிள்ளைக்கு எது வரும், எதில் ஆர்வம், அந்தப் படிப்பு எங்கே கொண்டு போய் விடும் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். கணக்கு வராத பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பொறியியலில் சேர்த்தால் பட்டம் வராது, அரியர்தான் வரும்.

கணினியும் மருத்துவமும் மட்டும்தான் படிப்பா? ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இருக்கிறது. வேளாண்மை, கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு இருக்கின்றன. வரலாறும் பொருளாதாரமும் படித்துப் போட்டித் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து டிப்ளமோ முடித்தவர், நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. ஒரு வழக்கு என்று வந்தால் வக்கீலைத் தேடி ஓடுகிற சமுதாயம், தன் பிள்ளையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்ப ஏன் தயங்குகிறது?

போராடிப் பெற்றதை எழுதாமல் இழக்கலாமா?

2007-ல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. மாநாடு, பேரணி, சிறை என்று பலர் பட்ட பாட்டின் பலன் அது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, அன்சார், துதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். ஆனால் கையில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பித்தால் அந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. முடிவு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 3.5 விழுக்காடு மாநில அரசின் ஒதுக்கீடு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் இது செல்லாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு இருக்கிறது. அதற்கு மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். மாநிலச் சான்றிதழை மட்டும் எடுத்துக் கொண்டு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கல்லூரியை எப்படி எடை போடுவது?

விளம்பரப் பலகையைப் பார்த்து அல்ல. நாலு மாடிக் கட்டடத்தைப் பார்த்தும் அல்ல.

ஒன்று: அங்கீகாரம். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது; பாருங்கள். நாக் என்பது முழுக் கல்லூரிக்குமான தரமதிப்பீடு. என்.பி.ஏ. என்பது குறிப்பிட்ட ஒரு பாடப்பிரிவுக்கான அங்கீகாரம். ஒரு பிரிவுக்கு வாங்கியதை எல்லாப் பிரிவுக்கும் வாங்கியது போல் விளம்பரம் செய்தால் ஏமாறாதீர்கள். எந்த ஆண்டு வரை செல்லும் என்றும் கேளுங்கள்.

இரண்டு: தேர்ச்சி. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. ஐந்து நிமிடம் அதைப் பார்த்தால், ஐம்பது விளம்பரம் மறைத்த உண்மை தெரிந்து விடும்.

மூன்று: நேரில் போய்ப் பாருங்கள். வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள், டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள். ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, ஆய்வகம் திறக்கிறார்களா, நூலகம் எத்தனை மணி வரை, வேலை கிடைத்ததாகப் படம் போட்டவர்களில் எத்தனை பேர் அதே பிரிவில் படித்தவர்கள் என்று கேளுங்கள். அவன் உண்மையைச் சொல்லி விடுவான்.

நான்கு: கட்டணம். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பட்டப் படிப்பு உதவி பெறும் பிரிவிலும் இருக்கும், சுயநிதிப் பிரிவிலும் இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம். "எய்டட் பிரிவில் இடம் இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.

ஐந்து: அசல் சான்றிதழ். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக் கொள்ளக் கூடாது என்று 2018-லேயே மானியக் குழு அறிவித்து விட்டது. உரிய காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. அந்த வளைகுடா சகோதரருக்கும் எங்களுக்கும் இது முன்பே தெரிந்திருந்தால், கெஞ்சிப் போயிருக்க மாட்டோம், எழுத்தில் கேட்டிருப்போம்.

விருப்பப் பட்டியலில் ஒரு பாடம்

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத் தரவரிசை போடுகிறார்கள். 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. இதில் நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. "பெரிய கல்லூரி கிடைக்காது" என்று தாங்களே முடிவு செய்து, கட்டாயம் கிடைக்கும் கல்லூரியை முதலிடத்தில் எழுதி விடுகிறார்கள். கணினி என்ன செய்யும்? உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்து விடும். ஆகவே, மிகவும் விரும்புவதை மேலே எழுதுங்கள். அது கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை, அடுத்ததைப் பார்க்கும். பட்டியலை நீளமாக எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரி பாருங்கள்.

பணம் இல்லை என்று நிறுத்தாதீர்கள்

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கப்பட்டன. நடப்பு ஆண்டின் விதி என்ன என்பதைக் கல்லூரியிலேயே கேட்டு எழுதிப் போடுங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித் தொகையை மத்திய அரசு 2022-ல் நிறுத்தி விட்டது. அதைக் கண்டிப்போம். ஆனால் இருப்பதையும் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு, பறித்ததைப் பற்றி மட்டும் பேசுவது என்ன நியாயம்?

வட்டிக்குப் பயந்து வங்கிக் கடன் வேண்டாம் என்கிறோம். சரி. மாற்று வழியை யார் தருவது? அந்தக் கேள்வியைக் கடைசியில் பார்ப்போம்.

சேர்ந்து விட்டாய், தம்பி! பிறகு?

இடம் கிடைத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணாதே. முதல் செமஸ்டர்தான் அஸ்திவாரம். அப்போது விழும் ஓர் அரியர் கடைசி ஆண்டு வரை காலைப் பிடித்து இழுக்கும். நேர்முகத் தேர்வில் உட்காரவே விடாது. வருகைப் பதிவைக் கெடுத்துக் கொள்ளாதே. முதல் வாரத்திலேயே நூலக அட்டை வாங்கு. வகுப்பில் கேள்வி கேள். ஒரு பேராசிரியருக்காவது உன்னைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். நாளை பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். ஆங்கிலம் வரவில்லையே என்று கூசாதே. தினமும் பத்து நிமிடம் ஒரு பத்திரிகையை வாய்விட்டுப் படி. ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். கையில் இருக்கும் செல்போனை அதற்கும் பயன்படுத்து. விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போ. நம் ஊர்ப் பையன்களோடு மட்டும் ஒட்டிக் கொண்டு திரியாதே. எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளோடும் பழகு. ராகிங் என்றால் பயந்து ஒதுங்காதே. 1997-லிருந்து தமிழகத்தில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, புகார் கொடு.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மகனுக்குக் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிற வீட்டில், அவனைவிட அதிக மதிப்பெண் எடுத்த மகளை "தூரம்" என்று நிறுத்துகிறார்கள். தூரம் உண்மையான சிரமம்தான். பேருந்து நேரத்தையும் விடுதியையும் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். பார்க்காமலே கதவை மூடாதீர்கள்.

ஜமாஅத்துகளே, உங்களைத்தான்!

1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி. 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி, சென்னையில் புதுக்கல்லூரி. 1955-ல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. 1971-ல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. வசதி குறைந்த காலத்திலேயே நம் முன்னோர் கல்லூரிகளைக் கட்டிக் கொடுத்துப் போனார்கள். நாம் அவற்றுக்கு வழி காட்டக்கூட ஆளில்லாமல் நிற்கிறோம். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று 2006-ல் சச்சார் குழு சொன்னது. அதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியதைத் தவிர நாம் என்ன செய்தோம்?

கல்லூரி கட்டச் சொல்லவில்லை. ஒரு மேசை போடுங்கள்! முடிவு வரும் வாரத்தில் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, கல்லூரியில் படிக்கும் இரண்டு இளைஞர்கள். எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் படிவம் நிரப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் எடுத்து, யாரிடம் எந்தச் சான்றிதழ் இல்லை என்று குறியுங்கள். பைத்துல் மாலில் வட்டியில்லாக் கல்விக் கடனுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குங்கள். படித்து முடித்தவன் திருப்பிக் கட்டட்டும், அது அடுத்தவனுக்குப் போகட்டும். இமாம்களே, முடிவு வருவதற்கு முந்தைய ஒரு ஜும்ஆவை இதற்குக் கொடுங்கள்.

அந்த வளைகுடா சகோதரரின் இளைய மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய சாதிச் சான்றிதழ் வந்து விட்டதா என்று சென்ற வாரம் நானே கேட்டேன். வந்து விட்டது என்றார். உங்கள் தெருவில் அதைக் கேட்பது யார்?