மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் பார்வையாளர் செல்வது பற்றிய நிலைப்பாடு

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இராமேசுவரத்தை ஒட்டித் தொடங்கித் தூத்துக்குடியில் முடிகிறது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் இதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் அளவில் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு, கடல் ஆமைகள், கடல்குதிரை, கடல் அட்டை, நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் என்று எளிதில் காணக் கிடைக்காத உயிர்கள் இங்கே உண்டு. அவற்றைப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகலாமா, போகலாமென்றால் எப்படி என்பதே கேள்வி.

படகில் இருந்தபடி, குறித்த சில இடங்களில், குறித்த மாதங்களில், கடலோர ஊர்க்காரர்களே நடத்தும் பயணத்தை இந்த அறிக்கை ஆதரிக்கிறது. தீவில் கால் வைப்பதையும், பவளப்பாறை மேல் நீந்த விடுவதையும், ஆவுளியாவைத் துரத்திப் போவதையும் எதிர்க்கிறது.

தூத்துக்குடிக் கூட்டத்துத் தீவுகளிலிருந்தே காரணம் தொடங்குகிறது. வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய நான்கில் விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டிக்கும் அதே கதி. சுண்ணாம்புச் சூளைக்கும் ஆலைகளுக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகே வெட்டு குறைந்து, சில ஆண்டுகளில் நின்றது. அதற்குள் அலையைத் தடுத்து நின்ற பாறை போய், மணல் கரைந்துவிட்டது. வான் தீவு வெகுவாகச் சுருங்கியதால், அதைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. காரைச்சல்லிக்கும் அப்படியொரு மீட்புத் திட்டம் உண்டு. அரசுப் பணத்தில் தாங்கிப் பிடித்திருக்கும் மணல்திட்டில் சுற்றுலாப் படகை ஒதுக்கி ஆட்களை இறக்குவதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடும்புக்கொடியும் செடிகளும் மிதிபட்டால், அடுத்த கச்சான் காற்றில் கரை இன்னும் கொஞ்சம் போகும்.

நீருக்குள் நிலைமை இதைவிட நுட்பமானது. இங்குள்ள பவளம் பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது. நீந்துபவர் களைத்துக் காலூன்றினால் கால் படுவது அதன் மேல்தான். மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளம் ஆண்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் வளரலாம். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு நங்கூரம் இழுபட்டால் நொறுங்குவது பல ஆண்டு வளர்ச்சி. வெப்பம் வேறு சேர்ந்துகொள்கிறது. கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றால், பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறும். சூடு நீடித்தால் செத்துவிடும். 2010-லும் 2016-லும் இந்த வளைகுடாவில் அதுதான் நடந்தது. ஏற்கெனவே நோஞ்சானாகிவிட்ட பாறை மேல் அந்த மாதங்களில் படகு போகக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், பார்வையாளர் படகுக்கும் அதே காலத்தில் தடை வைத்தால் புதிய கணக்கு எதுவும் தேவைப்படாது. தென்மேற்குக் காற்று ஓங்கும் மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும், படகின் கண்ணாடி அடிப்பலகை வழியே சேறுதான் தெரியும். அந்த மாதங்களைப் பற்றிச் சண்டை போட ஒன்றுமில்லை.

பார்வையாளர் கூட்டம் பாறையை என்ன செய்யும் என்பதற்கு அண்டை நாட்டிலேயே சான்று கிடைக்கிறது. இலங்கையின் இக்கடுவையில் 1979-இலேயே கடல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கண்ணாடிப் படகுகள் பெருகி, ஆழமற்ற பாறை மேல் உரசியும் நங்கூரமிட்டும் ஓடின. பிறகு அந்த இடம் தேசியப் பூங்காவாக உயர்ந்தபோது, காக்க வேண்டிய பவளத்தில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. வெளிறலுக்கும் அதில் பங்குண்டு. தாய்லாந்தின் மாயா வளைகுடா 2018-இல் மூடப்பட்டு, 2022-இல் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பும் நீந்தத் தடையுமாகத் திறக்கப்பட்டது. கெட்ட பின் மூடிய அந்த இடத்துக்கு மீள வழி இருந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் சிறியவை, அந்த வாய்ப்பு இவற்றுக்குக் குறைவு.

ஆவுளியா விஷயத்தில் விளம்பரமே ஆபத்து. தாய் ஆவுளியா பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீருக்கு மேல் நீட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். ஆட்களை ஏற்றி இதைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு கடற்புல் படுகை முழுக்கத் தேட வேண்டியிருக்கும், சுழலி வெட்டும் அபாயமும் அங்கேதான். மாறாக, தெளிந்த நீரில் கடற்புல்லுக்கு நடுவே சாண் அகலத்துக்கு வேரோடு பிடுங்கப்பட்ட வெறும் மணல்கோடு வளைந்து போவதைக் காட்ட முடியும். அது ஆவுளியா மேய்ந்த தடம். விலங்கைத் தொந்தரவு செய்யாமல் அதன் இருப்பை அறிய இதுவே போதுமானது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது. ‘ஆவுளியா பார்க்கலாம்’ என்ற பலகைக்கு அங்கும் இங்கும் இடம் தரக் கூடாது.

இனி உரிமை. பூங்கா வந்ததால் அதிகம் இழந்தவர்கள் கரையோரத்து மீனவர்களும், பாசி எடுத்துப் பிழைத்த பெண்களும், சங்கு குளிப்பவர்களும். தீவுப் பக்கம் வலை வீசினால் வழக்கு, அபராதம். அதே நீருக்குள் வெளியூர் நிறுவனத்தின் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால், கரையோர ஊர்களான தருவைகுளத்திலும் வேம்பாரிலும் சிப்பிகுளத்திலும் பாதுகாப்பு என்ற பேச்சையே எவரும் காதில் வாங்க மாட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஏர்வாடியை அடுத்த பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறை ஊர்க்காரர்களை வைத்தே படகுப் பயணம் நடத்துகிறது. தூத்துக்குடிக் கூட்டத்திலும் அந்த வழியே பொருந்தும். படகும் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்க் குழுவுக்குச் சேர வேண்டும். நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த இடத்தில் பாறை மேலெழும்பி நிற்கிறது என்று சங்கு குளித்தவருக்குத் தெரிவதைப் பயிற்சி வகுப்பில் கற்றுத் தர முடியாது. நங்கூரத்துக்குப் பதில் நிலையான மிதவைகளில் படகைக் கட்டுவது கட்டாயமாக வேண்டும்.

இப்படி அளந்து திறப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பார் எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகளைச் சோதித்து, சிப்பியின் வயதையும் அடர்த்தியையும் பார்த்து, மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. பல ஆண்டுகள் தொடர்ந்து மூடியே கிடந்ததும் உண்டு. சங்கிலும் குறித்த விட்டத்துக்குக் குறைந்தது உயிரோடு கடலுக்கே திரும்பும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: சோதனை முறை மட்டுமே பாரைக் காப்பாற்றிவிடாது. ஆனாலும் ஆண்டுதோறும் பாறையைப் பார்வையிட்டு, அந்த ஆண்டுக்கு எத்தனை படகு, எந்த இடம் என்று முடிவெடுத்து அறிவிக்கும் முறை இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். தூத்துக்குடியிலேயே பவளப்பாறை ஆய்வு செய்யும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன; வனத்துறை தனியாக ஆளைத் தேட வேண்டியதில்லை. பார்வையிட்ட முடிவு தமிழில், மீன் இறங்குதளத்தில் ஒட்டப்பட வேண்டும்.

கூட்டமாகப் போய் உண்டு களிக்க விரும்பும் குடும்பங்களுக்குத் துறைமுகத்தை ஒட்டிக் கரையோடு சேர்ந்துவிட்ட முயல் தீவு இருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே குப்பை அள்ளவும் நிழலுக்கும் கழிவறைக்கும் செலவழித்தால், பூங்காத் தீவுகளைத் திறக்கச் சொல்லும் நெருக்கடி பாதியாவது தணியும். காரைச்சல்லியில் பாறைகள் இறக்கி முடிந்து, மணல் நின்றிருக்கிறதா என்று தொடர்ந்து சில பருவங்கள் அளந்த பிறகு, தூத்துக்குடிக் கூட்டத்துக்கான படகு எண்ணிக்கையை மறுபடி பேசலாம். தீவில் இறங்கும் தடை அப்போதும் தொடர வேண்டும்.