எந்தக் கமரா?

மணவிழாக்களை வீடியோவிற் படமெடுக்குந் தொழிலை மேற்கொள்ளவிருக்கும் இளைஞர் ஒருவர், நம்மிடம் முன்னர்ப் பயின்றவர், 'புல் பிரேம் மிரர்லெஸ்' கமராக்களுள் எதனை வாங்கலாமெனக் கேட்டெழுதியுள்ளார். தாயாரின் காப்புகளை அடகுவைத்தே பணந் திரட்டுகிறாராம். ஆதலின் நன்கு ஆராய்ந்தே விடையளிக்க வேண்டியவராயினோம்.

மிரர்லெஸ் எனின், பழைய கமராக்களில் வில்லையின் பின்னே சாய்ந்திருந்து ஒளியை மேனோக்கித் திருப்பிய கண்ணாடி இல்லாதது. புல் பிரேம் எனின், ஒளியுணரி 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. பழைய பிலிம் சுருளின் ஒரு படத்தளவு. இவ்வளவு தெரிந்தாற் போதும்.

கடைக்காரர் முதலிற் கூறுவது மெகாபிக்சல் கணக்கு. நிழற்படக்காரருக்கு அது வேண்டும்; வீடியோக்காரருக்கு அத்துணை வேண்டியதன்று. 4கே படமொன்றில் உள்ள புள்ளிகள் ஏறத்தாழ 83 இலட்சமே. 2020இல் வெளிவந்த சோனி ஏ7எஸ்-3 கமராவில் சுமார் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளே உள. எண்ணிற் குறைந்தமையால் ஒவ்வொன்றும் பெரிதாயிருந்து, குத்துவிளக்கின் மங்கிய ஒளியிலும் படத்தைத் தெளிவாய்த் தருகின்றன. எண்ணிக்கை கண்டு மயங்குதல், சீதனத்தொகை கேட்டு மணம் பேசுவது போலாம்.

நாம் பெரிதும் அஞ்சுவது வெப்பத்தையே. அதே 2020இல் வந்த கெனன் ஆர்5, 8கே அளவிற் படமெடுக்கையில் சுமார் 20 நிமிடத்தில் வெப்பமேறி நின்றுவிடுமென அதனைச் செய்தோரே அறிவித்தனர். அவர்கள் கணக்கிட்டதோ 23 பாகை வெப்பநிலையில். பின்னர் மென்பொருட் திருத்தங்களால் நிலைமை ஓரளவு சீர்பெற்றது. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையின் கீழ், ஓமப்புகை அருகே 23 பாகையை எங்கே காண்பது? ஐயர் மந்திரத்தைத் திரும்பச் சொல்லக்கூடும்; தாலியை இரண்டாமுறை கட்டுவாரில்லை. 2023இல் வந்த பனசோனிக் எஸ்5-2 கமராவினுள்ளே சிறு விசிறி ஒன்று உண்டு. பற்றரியும் அட்டையும் உள்ளவரை ஓடும். அந்நிறுவனத்தின் முந்திய கமராக்களிற் குவியம் தடுமாறுமென்ற குறையும் இதிற் பெரிதும் நீங்கிற்று.

ஆனால் அதிலும் ஒன்று கவனிக்க. செக்கனுக்கு 50 படம் வீதம் 4கே எடுக்கும்போது ஒளியுணரியின் நடுப்பகுதியே பயன்படும்; காட்சி ஒன்றரை மடங்கு நெருங்கிவிடும். சோனி ஏ7-4உம் அவ்வாறே. மணவறையின் முன்னே நெருக்கியடித்து நிற்கும் உறவினரிடையே பின்வாங்க இடமேது? 25 படம் வீதம் எடுப்பின் இத்தொல்லையில்லை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலின், 25 படமும் 1/50 செக்கன் திறப்புமே மின்விளக்குகள் படத்திற் சிமிட்டாதிருக்கப் பொருத்தமானவை.

அட்டை இரண்டு கொள்ளுங் கமராவையே வாங்குக. இரண்டிலும் ஒருங்கே பதிந்தால், ஒன்று பழுதாயினும் மற்றதில் மணவிழா தப்பும். உயர்ந்த தரமென்று செக்கனுக்கு 600 மெகாபிற் வீதம் பதிவோர்க்கு 128 கிகாபைற் அட்டை அரைமணிக்குள் நிறைந்துவிடும். 100 வீதமாயின் இரண்டரை மணிக்கு மேலுந் தாங்கும்.

பணம் முழுவதையும் கமராவிற் கொட்டிவிட்டு, வில்லைக்கும் ஒலிவாங்கிக்கும் கடன் கேட்போரைக் கண்டிருக்கிறோம். தம்பியார் பனசோனிக்கை முதலிற் பார்க்கலாமென்பது நமது எண்ணம். வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கெடுத்து, நண்பகலில் முற்றத்துப் பந்தலின் கீழ் இரண்டு மணிநேரம் நிறுத்தாது ஓடவிட்டுப் பார்க்கட்டும்.