எடை மட்டுமே விளைச்சல் ஆகாது

கீரை வகைகளின் விளைச்சலைப் பெருக்க வளர்ச்சி ஊக்கிகளைத் தெளிக்கலாமா என்னும் வினாவைக் களப்பணியாளர் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. தெளித்த பாத்தியில் தழை நீண்டு, கட்டுகள் பெருத்துத் தோன்றுவதே இவ்வார்வத்திற்குக் காரணம். ஆயினும், தராசு காட்டும் எடையை மட்டும் கொண்டு இம்முறையைப் பரிந்துரைப்பது பொருத்தமன்று.

இவ்வூக்கிகளுள் முக்கியமான ஜிபெரெல்லிக் அமிலத்தின் வரலாறே ஓர் எச்சரிக்கையாகும். ஒருவகைப் பூஞ்சணம் தாக்கிய நெல் நாற்றுகள் அளவுக்கு மீறி உயர்ந்து, வெளிறி, மணி பிடிக்காமற் போவதுண்டு. ஜப்பானியர் இதனை ‘மூட நாற்று’ நோய் என்றனர். பூஞ்சணம் சுரக்கும் பொருளே இவ்வுயரத்திற்குக் காரணம் என்று 1926-இல் குரோசாவா காட்டினார். 1935-இல் யபுடா அதற்கு ஜிபெரெல்லின் எனப் பெயரிட்டார். உயரம் வேறு, விளைச்சல் வேறு என்பதை அந்நாற்றுகளே அன்று உணர்த்தின.

இவ்வமிலம் தாவர உயிரணுக்களை நீளச் செய்கிறது; இலையும் காம்பும் நீள்கின்றன. நீளும் உயிரணு பெரும்பாலும் நீரையே ஏற்கிறது. பச்சையம் அதற்கேற்பப் பெருகாவிடில் இலை வெளிறும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். தெளிக்காத பாத்தியில் 100 கிலோ கீரை கிடைத்து, அதில் உலர்பொருள் நூற்றுக்கு 10 பங்கு எனில், உலர் எடை 10 கிலோ. தெளித்த பாத்தியில் 120 கிலோ கிடைத்து, உலர்பொருள் நூற்றுக்கு 8.5 பங்கு எனில், உலர் எடை 10.2 கிலோ மட்டுமே. விலை கொடுத்து வாங்குவோர் பெற்ற மிகுதி ஏறக்குறைய முழுவதும் நீரே. இரும்புச் சத்துக்கும் வைட்டமின் ‘ஏ’க்கும் கீரையையே நம்பியிருக்கும் ஏழைக் குடும்பத்திற்கு இது சிறு இழப்பன்று.

பாலக் கீரையில் மற்றோர் இடருண்டு. பலமுறை அறுக்கப்படும் இப்பயிர், பகற்பொழுது நீளும்போது பூந்தண்டு விட்டு மென்மையை இழக்கிறது. குளிரை வேண்டும் காரட் போன்ற செடிகள் குளிரின்றியே ஜிபெரெல்லினால் பூப்பதை 1957-இல் அண்டன் லாங் நிறுவினார். ஆகவே, முதல் அறுப்பில் கண்ட இலாபம், தண்டு முந்திக்கொள்வதால் பின்னைய அறுப்புகளில் கரைந்துவிடலாம்.

ஊக்கிகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. விதையில்லாத் திராட்சையில் கனியைப் பருக்கச் செய்வதில் அவற்றின் பயன் ஐயமற நிலைபெற்றுள்ளது. தக்க உரமும் நீரும் பெற்ற கீரைப் பயிரிலும், குறைந்த அளவில் தெளித்தபோது உலர் எடையும் கூடிய சோதனைகள் உண்டு. வேண்டுவது சரியான அளவுகோலே.

களப்பணியாளர் சோதனைப் பாத்திக்கு அருகிலேயே வெறும் நீர் தெளித்த பாத்தி ஒன்றையும் வைத்தல் வேண்டும். இரண்டுக்கும் தழைச்சத்து சமமாக இருத்தல் அவசியம். எல்லா அறுப்புகளின் எடையையும் கூட்டுவதோடு, 100 கிராம் இலையை எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுத்தலும் தேவை. பள்ளித் தோட்டத்தில் வெறும் நீரையும் தழைச்சத்தையும் கொண்டே இவ்வொப்பீட்டு முறையை ஆசிரியர்கள் மாணவருக்குக் கற்பிக்கலாம். விற்பனையாகும் மருந்தின் சீட்டில் குறிப்பிடப்படாத பயிருக்கு அதனைப் பரிந்துரைத்தல் ஆகாது.

கட்டின் பருமனைக் கண்டு மயங்காது, உண்பவர் தட்டில் சேரும் சத்தையே விளைச்சலாகக் கருதும் வழக்கம் களத்திலும் வகுப்பிலும் வேரூன்ற வேண்டும்.